நல்லா பழகின சவாரிக் குதிரை, நியாயமான விலைக்கு

குதிரை வாங்கணும்னு என்னைக் கூப்பிட்டு விசாரிக்கிறவங்க இப்பல்லாம் நிறைய ஆயிட்டாங்க, கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கம் தோட்டம் வச்சிருக்கிறவங்கதான் ஜாஸ்தி, அப்புறம் பெங்களூர்ல வேலை பாத்துட்டு சனி ஞாயிறு ஊருக்கு வந்து ஓட்டணும்னு ஆசைப்படுற பசங்க கொஞ்சம் பேர். எல்லாரும் கேக்குற முதல் கேள்வி ஒண்ணுதான், "அண்ணா, நல்ல குதிரை ஒண்ணு என்ன விலை ஆகும்?" முப்பதாயிரத்துக்கும் குதிரை இருக்கு, முப்பது லட்சத்துக்கும் இருக்கு, அதுல ரெண்டாவது குதிரை மொத குதிரைய விட நல்லா பழகினதா இருக்கும்னு எந்த நிச்சயமும் இல்ல. இத நம்ப மாட்டேங்கிறாங்க. ஆனா குதிரை சந்தைய கொஞ்ச நாள் கவனிச்சுப் பாத்தீங்கன்னா புரியும், அங்க விலை ஏறுறது பூரா கண்ணால பாக்கக்கூடிய விஷயத்துக்குத்தான், உயரம், கலர், காது, சுழி (உடம்புல முடி சுழிச்சிருக்கிற எடம்), டான்ஸ். பழக்கம் கண்ணுக்குத் தெரியாது, ஏறி உக்காந்தாத்தான் தெரியும், அதனால அதுக்கு சந்தையில விலையே ஒழுங்கா வைக்கிறதில்ல. நம்மள மாதிரி சவாரிக்கு மட்டும் குதிரை வேணும்னு நினைக்கிறவங்களுக்கு இது ரொம்ப நல்ல செய்தி.

அந்தியூர் சந்தையவே எடுத்துக்குங்க. புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவோட சேந்து நடக்குற சந்தை, திப்பு சுல்தான் காலத்துல இருந்தே நடக்குதுன்னு ஊர்ல சொல்லுவாங்க. மார்வார், கத்தியவார், நாட்டுக்குதிரை, இங்கிலீஷ் பிரீட்னு எல்லாம் வரும், பெரிய பந்தல் போட்டு கட்டியிருப்பாங்க, கூட்டம் எங்க நிக்கும்னு பாத்தீங்கன்னா மேளம் அடிச்சு குதிரை ஆடுற இடத்துலதான். அங்க ஒரு தரகர்கிட்ட பேசினது இன்னும் ஞாபகம் இருக்கு. அவர் ஒரு குதிரைய காட்டி, "தம்பி, சுழி சுத்தம், நாலு காலும் வெள்ளை, நெத்தியும் வெள்ளை, அசல் பஞ்சகல்யாணிங்க, இதுக்கு மேல என்ன வேணும்"னாரு. நான், "ஐயா, யாரையாவது ஏறச் சொல்லி ஒரு ரவுண்டு நடக்க வச்சுக் காட்டச் சொல்லுங்க, ஓட்ட வேண்டாம், நடை மட்டும் போதும்"னேன். "நடையா? இது பறக்குற குதிரைங்க தம்பி"ன்னாரு. அவர் பெருமையாத்தான் சொன்னாரு, ஆனா எனக்கு வேண்டிய பதில் அதுலயே கிடைச்சிருச்சு. மேல ஆள் ஏறினதும் நிம்மதியா நாலு எட்டு நடக்கத் தெரியாத குதிரை, எவ்வளவு அழகா இருந்தாலும் சவாரிக்குப் பழகின குதிரை கிடையாது.

டான்ஸ் குதிரைய பத்தி இங்கயே சொல்லிடுறேன், ஏன்னா புதுசா வாங்குறவங்க அதிகமா மயங்குறது இதுலதான். நின்ன இடத்துலயே கால மாத்தி மாத்தித் தூக்குற மாதிரி பழக்கின குதிரைக்கு, நீங்க ஏறி லகான புடிச்சாலே அது ஆடச் சொல்றீங்கன்னு நினைச்சுக்கும். நிறைய எடத்துல இதுக்கு முள்ளு வச்ச கடிவாளம் போட்டிருப்பாங்க. முள்ளுக் கடிவாளம் சட்டப்படியே தப்பு, 1965ம் வருஷத்து வண்டி இழுக்குற, சுமை தூக்குற மிருகங்களுக்கான வதைத்தடுப்பு விதிகள்லயே தடை பண்ணியிருக்கு, ஆனாலும் இன்னைக்கும் விக்கிறாங்க, போடுறாங்க. அதனால குதிரை பாக்கப் போனா வாய தொறந்து நாக்கையும், கடிவாளம் உக்காருற பல்லு இல்லாத ஈறையும் பாருங்க. அங்க வெட்டுத் தழும்பு, தடிச்சுப் போன எடம் இருந்துச்சுன்னா அந்தக் குதிரைக்கு லகான்னாலே வலின்னுதான் மனசுல பதிஞ்சிருக்கும். அது நம்ம கைய நம்ப ரொம்ப காலம் ஆகும்.

சுழி விஷயத்துக்கு வர்றேன். எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, ஆனா நம்புறவங்கள நான் குறை சொல்ல மாட்டேன், தலைமுறை தலைமுறையா குதிரை வளத்தவங்க பாத்து வந்த கணக்கு அது. கழுத்துல தேவமணிங்கிற சுழி இருந்தா ராசி, கண்ணுக்குக் கீழ சுழி இருந்தா ஆகாது, இப்படி நிறைய இருக்கு, ராஜஸ்தான்ல மார்வாரி குதிரை வளக்குறவங்களும் இதே மாதிரி பாப்பாங்க. இதுல நமக்கு என்ன லாபம்னா, சுழி சரியில்லன்னு ஒதுக்கின குதிரை, குணத்துலயும் காலுலயும் எந்தக் குறையும் இல்லாம, விலை மட்டும் கம்மியா நிக்கும். உங்க வீட்டுல பெரியவங்க அத ஒத்துக்குவாங்கன்னா தாராளமா பாக்கலாம். ஒத்துக்க மாட்டாங்கன்னா விட்டுடுங்க, பின்னாடி வீட்டுல எது நடந்தாலும் அந்த வாயில்லா ஜீவன் தலையிலதான் விழும்.

அதே மாதிரிதான் கெல்டிங், அதாவது காயடிச்ச குதிரை. மார்வாரி, கத்தியவாரில பெரும்பாலும் ஆண் குதிரைய காயடிக்க மாட்டாங்க, இனப்பெருக்கத்துக்கு விட்டா காசு, அப்புறம் கம்பீரம் போயிடும்னு ஒரு எண்ணம். காயடிச்சுட்டா சந்தையில மதிப்பு டக்குனு இறங்கிடும். ஆனா சவாரிக்கு, அதுவும் குடும்பத்துல நாலு பேர் ஏறப் போறோம்னா, கெல்டிங் மாதிரி ஒரு குதிரை இல்ல. பக்கத்துல பெட்டைக் குதிரை வந்தா கத்தி ரகளை பண்ணாது, வருஷம் பூரா ஒரே குணத்துல இருக்கும். ஸ்டாலியன, அதாவது காயடிக்காத ஆண் குதிரைய, ஓட்ட அனுபவம் உள்ள கை வேணும், தனியா கட்ட எடம் வேணும். கலர் சாதாரண கலர், வயசு எட்டுல இருந்து பதினாலுக்குள்ள, கெல்டிங், இந்த மூணும் சேந்த குதிரைய சந்தையில ஆளுங்க திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க, நான் மொத அங்கதான் போய் நிப்பேன்.

வயசு எட்டுன்னு சொன்னதும் "கிழக் குதிரை இல்லயா அண்ணா"ன்னு கேப்பாங்க. இல்லவே இல்ல. நல்லா பாத்துக்கிட்டா குதிரை இருபத்தஞ்சு, முப்பது வருஷம் கூட இருக்கும். மூணு வயசுக் குதிரை அழகா இருக்கும், விலையும் கம்மியா சொல்லுவாங்க, ஆனா அதுக்கு ஒண்ணும் தெரியாது, எலும்பும் முழுசா முத்தியிருக்காது, நமக்கும் தெரியாம அதுக்கும் தெரியாம ரெண்டு பேரும் சேந்து கத்துக்கிறது ஆபத்தான விஷயம். பல்லப் பாத்து வயசு சொல்றது ஓரளவு எல்லாரும் கத்துக்கலாம், முன்பக்க நிலைப்பல்லு நடு ஜோடி ரெண்டரை வயசுல, அடுத்த ஜோடி மூணரையில, ஓர ஜோடி நாலரையில முளைக்கும், அஞ்சு வயசுல வாய் நிறைஞ்சிடும். அதுக்கு அப்புறம் பல்லோட தேய்மானத்த வச்சு பாக்கணும். மேல் வரிசை ஓரப்பல்லுல ஈறுகிட்ட ஒரு பழுப்புக் கோடு பத்து வயசு வாக்குல ஆரம்பிக்கும், பதினஞ்சுல பாதிப் பல்லு வரைக்கும் இறங்கும், இருபதுல முழுசா இறங்கியிருக்கும். இதெல்லாம் உத்தேசந்தான், வித்தவர் ஏழுன்னு சொல்ற குதிரைக்கு அந்தக் கோடு பாதி வரைக்கும் இருந்துச்சுன்னா மட்டும் உஷாராயிடுங்க.

இப்ப ரேஸ் குதிரை. நியாயமான விலைக்கு நல்ல சாதிக் குதிரைன்னு தேடினா எல்லாரும் கடைசியில வந்து நிக்கிற எடம் இதுதான், பெங்களூர், மைசூர், ஹைதராபாத், சென்னை ட்ராக்ல ஓடி முடிச்ச தரப்ரெட், அதாவது ரேஸுக்குன்னே வளக்குற இனம். ஜெயிக்காத குதிரைய லாயத்துல வச்சு சோறு போடுறது ஓனருக்கு மாசாமாசம் செலவு, அதனால சீசன் முடியிற நேரத்துல சல்லிசா விட்டுடுவாங்க, சில சமயம் நல்ல எடத்துக்குப் போனா போதும்னு சும்மாவே கூட குடுப்பாங்க. தரப்ரெட்ல இன்னொரு வசதி, பேப்பர் இருக்கும். புனேல இருக்கிற ஸ்டட் புக் அத்தாரிட்டியில பதிஞ்சிருப்பாங்க, பாஸ்போர்ட்ல உடம்பு அடையாளம் எல்லாம் வரைஞ்சிருக்கும், அதனால வயசுல ஏமாத்த முடியாது. ஜனவரி 1 வந்தா எல்லா தரப்ரெட்டுக்கும் ஒரு வயசு கூடும், அதையும் தெரிஞ்சு வச்சுக்குங்க.

ரேஸ் குதிரைக்கு நிறைய தெரியும். லாயத்துல அடங்கி நிக்கும், குளிப்பாட்டலாம், லாடம் அடிக்கலாம், வண்டியில ஏறும், கூட்டம், மைக் சத்தம் எல்லாம் பாத்திருக்கும். ஆனா சவாரின்னு நாம நினைக்கிறது அதுக்குத் தெரியாது. ஜாக்கி ரொம்ப குட்டையான ஸ்டிரப்ல (கால் வைக்கிற வளையம்) குந்தி உக்காந்துதான் ஓட்டுவாரு, அதனால நம்ம கால் அதோட வயித்துப் பக்கம் உரசினா என்னமோ ஏதோன்னு பதறும். ட்ராக்ல லகான இறுக்கிப் புடிச்சா அதுமேல சாஞ்சு ஓடித்தான் பழக்கம், பயந்து போய் நீங்க இழுத்துப் புடிச்சீங்கன்னா அது இன்னும் வேகம் எடுக்கும். அது குதிரையோட தப்பே இல்ல, அதுக்கு சொல்லிக் குடுத்தத அது செய்யுது. இத மாத்தி, மெதுவா போற கேண்டர் (முழுப் பாய்ச்சலுக்குக் கம்மியான ஓட்டம்), கால் சொன்னா கேக்குறது, ஏறும்போது அசையாம நிக்கிறது எல்லாம் கத்துக் குடுக்க நல்ல ட்ரெய்னர் கையில பல மாசம் ஆகும், சில குதிரைக்கு வருஷம் தாண்டும். அப்ப அறுபதாயிரத்துக்கு வாங்கின குதிரையோட நெஜ விலை அறுபதாயிரம் இல்ல, ட்ரெய்னர் சம்பளம், அத்தன மாச தீவனம் எல்லாம் சேத்துத்தான் கணக்கு போடணும்.

அதனால என்னோட உறுதியான கருத்து, ட்ராக்ல இருந்து நேரா வாங்காதீங்க, ட்ராக் முடிஞ்சு ரெண்டு மூணு வருஷம் ஏதாவது ரைடிங் ஸ்கூல்லயோ நல்ல தனி ஆள்கிட்டயோ ஓடின குதிரைய வாங்குங்க. அந்த மாத்துற வேலைய ஏற்கனவே வேற ஒருத்தர் பண்ணி முடிச்சிருப்பாரு, பல பேர் ஏறி இறங்கியிருப்பாங்க, விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும், ஆனா அந்தக் கூடுதல் காசுக்கு முழு மதிப்பு உண்டு. எங்க வீட்டுக் குதிரை அப்படித்தான் வந்துச்சு. பதினோரு வயசு கெல்டிங், சாதா பழுப்பு நிறம், நெத்தியில ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி, அத ஓட்டிட்டு இருந்த பொண்ணு மேல்படிப்புக்கு வெளிநாடு போகுதுன்னு வித்தாங்க. சேடில், கடிவாளம் எல்லாம் சேத்து ஒண்ணே முக்கால் லட்சம். அந்தப் பொண்ணோட அம்மா விலைய விட நாங்க எப்படி வச்சுக்குவோம்னுதான் ஜாஸ்தி கேள்வி கேட்டாங்க. இப்படி வாங்குறவங்களையே விசாரிக்கிற ஆள் கிடைச்சா விடாதீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி எடைக் கணக்கு ஒண்ணு இருக்கு, யாரும் இத சொல்றதே இல்ல. ஏறுற ஆளும் சேடிலும் சேந்து குதிரையோட எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது. நாட்டுக்குதிரை 250 கிலோ இருக்குன்னு வைங்க, 50 கிலோதான் தாங்கும், சேடில் போக சின்னப் பசங்கதான் ஏறலாம். நீங்க 80 கிலோ, சேடில் 8 கிலோன்னா 440 கிலோ குதிரை வேணும், அது நல்ல தரப்ரெட் எடை. எடை மெஷின் எங்க கிடைக்கும்னு கேக்காதீங்க, டேப்பு போதும். முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சு சுத்தளவ சென்டிமீட்டர்ல எடுத்து அதையே அதால பெருக்கி, தோள்பட்டை முனையில இருந்து புட்டத்து முனை வரைக்கும் உள்ள நீளத்தால மறுபடி பெருக்கி, 11,880ஆல வகுத்தா கிலோ வரும். சுத்தளவு 170, நீளம் 150ன்னா சுமாரா 365 கிலோ. சந்தையில உயரத்த மட்டும் இஞ்ச்ல சொல்லுவாங்க, உயரமா ஒல்லியா இருக்கிற குதிரை உங்கள தாங்கும்னு அர்த்தம் இல்ல.

பாக்கப் போற அன்னைக்கு என்ன பண்ணணும்னா, மொதல்ல சொல்லி வச்சிருங்க, நான் வரும்போது குதிரை லாயத்துலயே இருக்கட்டும், புடிக்கிறதுல இருந்து சேணம் போடுறது வரைக்கும் என் கண்ணு முன்னாடி நடக்கட்டும்னு. ஒரு எடத்துல நாங்க போனப்ப சேடில் போட்டு ரெடியா நிறுத்தி வச்சிருந்தாங்க, முதுகுல கை வச்சா ஈரம், சேடில் துணிக்கு அடியில வேர்வை ஊறியிருந்துச்சு. காலைலயே ஓட்டி சோர வச்சுட்டாங்க, அப்புறம் எந்தக் குதிரைதான் சாதுவா இருக்காது. ஒண்ணும் சண்டை போடல, நன்றி சொல்லிட்டு கிளம்பிட்டோம். குதிரை புடிச்சிருந்தா இன்னொரு நாள் சொல்லாம கொள்ளாம ஒரு தடவை போங்க.

புடிக்கப் போறப்ப காத பின்னாடி மடக்குதா, புட்டத்த திருப்புதா, இல்ல தலைய நீட்டி கிட்ட வருதான்னு கவனிங்க. நாலு காலையும் ஒவ்வொண்ணா தூக்கிப் பாருங்க, அமைதியா குடுக்கணும். குளம்புக்கு அடியில நாத்தம் அடிச்சா ஈரத்துல நின்னு அழுகல் வந்திருக்கு, அது சரி பண்ணக்கூடியதுதான், ஆனா பாத்துக்கிற லட்சணம் அதுல தெரிஞ்சிடும். லாயத்துக் கட்டைய கவனிங்க, மேல் விளிம்பு பூரா கடிச்சுத் தேஞ்சிருந்தா அது கட்டையக் கடிச்சு காத்த உறிஞ்சுற பழக்கம், நின்ன எடத்துலயே தலைய ஆட்டி ஆட்டி நிக்கிறதும் அடைச்சே வச்சதால வர்ற பழக்கம், ரெண்டும் லேசுல போகாது.

ஓட்டுறப்ப மொத அவங்க ஆள் ஓட்டணும், அதுக்கு அப்புறம்தான் நீங்க. அவங்களே ஏறத் தயங்குற குதிரையில நீங்க ஏறவே கூடாது. பழகின குதிரைன்னா என்னன்னு எங்கிட்ட கேட்டா, ஏறும்போது யாரும் புடிக்காம அசையாம நிக்கும், லேசா கால் அழுத்தினா முன்னாடி போகும், நாம உக்காருற விதத்த மாத்தி விரலால லகான மூடினாலே வேகம் கொறையும், வாக் (நடை), ட்ராட் (துள்ளு நடை), கேண்டர் மூணும் இடப்பக்கம் வலப்பக்கம் ரெண்டுலயும் ஒரே மாதிரி வரும், நாலு எட்டு பின்னாடி போகச் சொன்னா போகும். இது எல்லாத்தையும் விட எனக்கு முக்கியமானது ரெண்டு. ஒண்ணு, கேண்டர்ல இருந்து நடைக்கு இறக்கினதுக்கு அப்புறம் ஒரு நிமிஷத்துல மூச்சு விட்டு தலைய தாழ்த்துதா. ரெண்டாவது, மத்த குதிரைங்கள விட்டுட்டு தனியா வெளிய வருதா. நிறைய குதிரை ஸ்கூல் மைதானத்துல மத்த குதிரை பின்னாடி அழகா சுத்தும், தனியா கேட்ட தாண்டி ரோட்டுக்குக் கூட்டிட்டு போனா அங்கயே நின்னு திரும்பும். உங்க தோட்டத்துல அது ஒரே குதிரையா இருக்கப் போகுதுன்னா இத சோதிக்காம வாங்கவே வாங்காதீங்க. பஸ், டிராக்டர், நாய், காத்துல பறக்குற பிளாஸ்டிக் கவர், தண்ணி தேங்கின பள்ளம், எல்லாத்தையும் தாண்டி கூட்டிட்டுப் போங்க. பயந்தா பரவால்ல, குதிரைன்னா பயப்படத்தான் செய்யும், பயந்துட்டு நாம சொல்றத கேட்டு மறுபடி நடக்குதாங்கிறதுதான் பழக்கம்.

டாக்டர் செலவுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். மாட்டு டாக்டர் எல்லா ஊர்லயும் இருக்காங்க, குதிரை பாத்து அனுபவம் உள்ளவங்க கம்மி, தேடித்தான் புடிக்கணும், முடியலன்னா சென்னை வேப்பேரி வெட்னரி காலேஜ், நாமக்கல் வெட்னரி காலேஜ்ல விசாரிங்க. விக்கிறவரோட டாக்டரா இருக்கக் கூடாது. சும்மா நிக்கிறப்ப நாடி நிமிஷத்துக்கு 28ல இருந்து 44க்குள்ள, மூச்சு 8ல இருந்து 16க்குள்ள இருக்கணும், வயித்துல ரெண்டு பக்கமும் குடல் சத்தம் கேக்கணும். அப்புறம் கெட்டியான தரையில ட்ராட் வைக்கச் சொல்லுவாரு. முன்னங்கால்ல வலி இருந்தா அந்தக் கால் தரையில படும்போது தலைய மேல தூக்கும், நல்ல கால் படும்போது தலை இறங்கும், இத நீங்களே கூட பாத்துக்கலாம், போன்ல வீடியோ எடுத்து மெதுவா ஓட்டிப் பாருங்க. ரேஸ் குதிரைன்னா முன்னங்கால் முட்டிக்குக் கீழ பின்பக்கம் நரம்ப மேல இருந்து கீழ தடவிப் பாருங்க, வில்லு மாதிரி வெளிய வளைஞ்சு தடிச்சிருந்தா பழைய தசைநார் காயம். அது ஆறின காயமா இருந்தா மெதுவான சவாரிக்கு ஒண்ணும் ஆகாது, விலையும் நல்லா கொறைக்கலாம், ஆனா டாக்டர் ஸ்கேன் பாத்து சொல்லட்டும்.

வலி மருந்து, மயக்க மருந்து குடுத்து காட்டுறதும் நடக்குது, கண்ணு செருகி, உதடு தொங்கி, ஆண் குதிரைன்னா குறி வெளிய தொங்கினபடி நின்னுச்சுன்னா அன்னைக்கு பேச்ச நிறுத்திடுங்க. டாக்டர ரத்தம் எடுக்கச் சொல்லுங்க. அந்த ரத்தத்துலயே கிளாண்டர்ஸ்ங்கிற தொத்து நோய்க்கு டெஸ்டும் பண்ணணும். ஹரியானா ஹிசார்ல இருக்கிற தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்துக்கு டாக்டர் மூலமா அனுப்புவாங்க. கிளாண்டர்ஸ் மனுஷங்களுக்கும் தொத்தும், உறுதியாச்சுன்னா 2009ம் வருஷ சட்டப்படி குதிரைய கருணைக்கொலை பண்ணித்தான் ஆகணும், வேற வழியே கிடையாது. வெளி மாநிலத்துல இருந்து, புஷ்கர், சாரங்கேடா மாதிரி பெரிய சந்தையில இருந்து குதிரை கொண்டு வர்றவங்க இந்த ரிப்போர்ட் கைக்கு வராம காசு முழுசா குடுக்காதீங்க. கூடவே சர்ரா (ஈ கடிச்சு பரவுற ரத்த நோய்), தொற்று ரத்தசோகை ரெண்டும் பாத்துடுங்க.

விலை பேசுறப்ப துண்டுக்கு அடியில விரல் புடிக்கிற தரகர் எல்லாம் சந்தையில இன்னும் இருக்காங்க, அவங்க நேக்கு நமக்கு வராது, வர வேண்டியதும் இல்ல. நேரா கேளுங்க, ஏன் விக்கிறீங்க, கடைசியா எப்ப வயித்து வலி வந்துச்சு, டெட்டனஸ் ஊசி எப்ப போட்டீங்க, லாடம் எப்ப மாத்தினீங்க. லாடம் நாலுல இருந்து ஆறு வாரத்துக்கு ஒருக்கா பாக்கணும், அந்தத் தேதி சொல்லத் தெரியாதவங்க குதிரைய கவனிக்கலன்னு அர்த்தம். ஒரு மாசம் லீசுக்கு எடுத்து ஓட்டிட்டு அப்புறம் வாங்குறேன்னு கேட்டுப் பாருங்க, நல்ல குதிரை வச்சிருக்கிறவங்க பாதிப் பேர் ஒத்துக்குவாங்க. பேசினத எழுதி வாங்கிக்குங்க, அடையாளம், உடம்புல மைக்ரோசிப் வச்சிருந்தா அதோட நம்பர், என்ன குறை இருக்குன்னு சொன்னாங்களோ அதுவும்.

அப்புறம் செலவு. 400 கிலோ குதிரைக்கு தினம் ஆறுல இருந்து பத்து கிலோ காஞ்ச தீவனம் வேணும், அதுல பெரும்பங்கு புல்லாத்தான் இருக்கணும், 25ல இருந்து 40 லிட்டர் தண்ணி. கொள்ளு நல்லதுதான், ஆனா கொள்ளு மட்டும் அள்ளிப் போட்டு வேலையும் குடுக்காம கட்டி வச்சா குதிரை துள்ளத்தான் செய்யும், அப்புறம் குதிரை பழகல பழகலன்னு புலம்புவாங்க. தோட்டத்துல குதிரைமசால், கொழுக்கட்டைப்புல் போட எடம் இருக்கிறவங்களுக்கு செலவு பாதியாகும். சைஸ் (குதிரைய பாத்துக்கிற ஆள்) சம்பளம், லாடம், ஊசி, பூச்சி மருந்து எல்லாம் சேத்துப் பாத்தா எங்க வீட்டுல ஒரு வருஷ செலவு வாங்கின விலைய தாண்டிடுச்சு. விலையில இருபதாயிரம் கொறைக்கிறதுக்காக பழக்கம் கம்மியான குதிரைய எடுக்காதீங்கன்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம், மோசமான குதிரையும் நல்ல குதிரை திங்கிற அளவுதான் திங்கும்.

வாங்கினதும் டாக்டர் சர்டிபிகேட் இல்லாம வண்டியில ஏத்தாதீங்க, வழியில நிறுத்தி தண்ணி காட்டுங்க. வந்த எடத்துல வேற குதிரை இருந்தா மூணு நாலு வாரம் தள்ளிக் கட்டுங்க. பழைய எடத்துல என்ன தின்னுச்சோ அதுல பத்து நாளைக்கு ஆகுற அளவு மூட்டை கட்டி கூடவே வாங்கிட்டு வாங்க, புதுத் தீவனத்த கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்துங்க, திடீர்னு மாத்தினா வயித்து வலியில உயிரே போகும். முடிஞ்சா அங்க பாத்துக்கிட்ட சைஸயும் ரெண்டு மூணு நாள் காசு குடுத்து கூட்டிட்டு வாங்க, எந்தக் காதுல கை வச்சா புடிக்காது, எந்தப் பக்கம் திரும்பி தண்ணி குடிக்கும்னு ஓனருக்கே தெரியாதது எல்லாம் அவருக்குத் தெரியும். கடிவாளத்தையும் புதுசா வாங்கணும்னு அவசரப்படாதீங்க, அதுக்குப் பழகின பழசையே கேட்டு வாங்கிக்குங்க. எங்க குதிரைக்கு அவங்க குடுத்த சாதா ஸ்னாஃபில் பிட்டத்தான் இன்னைக்கும் போடுறோம், தோல் வாரு மட்டும் ஒருக்கா மாத்தினோம்.